'லேடு' இன்னும் வழக்கில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வரும் ஆங்கிலப் பாடப் பகுதியைத் தவறாமல் படிப்பவன் நான். தூத்துக்குடியில் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், எல், ஏ, டி, இ என்னும் நான்கு எழுத்துகளாலான 'லேடு' என்ற வினைச்சொல்லைப் பற்றிச் சென்ற வாரப் பாடத்தில் எழுதியிருந்ததைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது, 'லோடு' என்பதன் பழைய வடிவம்தான் அது, மாணவர்கள் அதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை என்று மூன்றே வரிகளில் பாடம் முடிந்துவிட்டது. இவற்றில் முதற்கூற்று பாதி உண்மை; இரண்டாவது தவறு; மூன்றாவது, துறைமுகமும் லாரி செட்டும் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகாத அறிவுரை.

பாதி உண்மை என்று சொன்னதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 'லேடு' என்ற வேர்வடிவத்தை இன்றைய ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் யாரும் கையாளுவதில்லை. லாரியில் மூட்டை ஏற்றச் சொல்பவர் லண்டனிலும் 'லோடு' என்றுதான் சொல்வார். இறந்தகால வடிவமான 'லேடட்' அதைவிட அரிது. ஆனால் அதே வினையின் எச்ச வடிவமான 'லேடன்' என்பதும், தொழிற்பெயரான 'லேடிங்' என்பதும் ஒரு நாள்கூட ஓய்வெடுத்ததில்லை. வினையின் ஒரு வடிவம் ஒதுங்கிவிட்டது என்பதற்காகச் சொல்லையே வழக்கொழிந்ததாக எழுதிவிட்டால், அதை நாள்தோறும் பார்க்கும் மாணவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

எங்கள் ஊரில் கண்டெய்னர் முனையத்தின் வாசலில் வண்டி நின்றதும் கேட்கப்படும் கேள்வி, "லேடனா, எம்ட்டியா?" என்பதுதான். சரக்கு நிரம்பிய பெட்டி லேடன். வெறும் பெட்டி எம்ட்டி. உள்ளே செல்லும் சீட்டிலும், அடுக்கி வைக்கும் இடத்திலும், வாங்கும் கட்டணத்திலும் இந்தப் பிரிவினைதான் செல்லுபடியாகிறது. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் படிக்காத ஓட்டுநர்கூட இந்தச் சொல்லைப் பிழையின்றிக் கையாளுகிறார். லாரியின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதியிருக்கும் யு.எல்.டபிள்யூ. என்னும் எழுத்துகளை எத்தனையோ முறை பார்த்திருப்போம். 'அன்லேடன் வெயிட்', அதாவது சரக்கேற்றாத நிலையில் வண்டிக்குள்ள எடை என்பதன் சுருக்கம் அது. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால் அதிலும் கிலோகிராம் கணக்கோடு அந்தச் சொல் இருக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இலகுரக வாகனத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, போக்குவரத்து வாகனமானால் மொத்த எடையும், காரோ டிராக்டரோ ஆனால் 'அன்லேடன்' எடையும் 7,500 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் அந்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை சென்று, ஓட்டலாம் என்று 2024 நவம்பரில்தான் தீர்ப்பானது. வழக்கொழிந்த சொல்லுக்கு இவ்வளவு வேலை இருக்காது.

இனி, என் பிழைப்போடு ஒட்டிய ஆவணத்துக்கு வருகிறேன். 'பில் ஆஃப் லேடிங்' என்பதைத் துறைமுக வட்டாரத்தில் பி.எல். என்று சுருக்கிச் சொல்வோம். கோவில்பட்டித் தீப்பெட்டி ஒரு கண்டெய்னர் நிறைய ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனம் தரும் பி.எல். ஒரே தாளில் மூன்று வேலை செய்கிறது. இன்ன சரக்கை இன்ன நிலையில் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு அது ரசீது. இந்தத் துறைமுகத்திலிருந்து அந்தத் துறைமுகம் வரை கொண்டு சேர்ப்போம் என்ற ஒப்பந்தத்துக்கு அது சான்று. இவ்விரண்டையும்விடப் பெரியது மூன்றாவது வேலை: சரக்கு கடலில் இருக்கும்போதே, அந்தத் தாளின் பின்புறம் கையெழுத்திட்டுக் கைமாற்றுவதன் மூலம் சரக்கின் மீதான உரிமையையும் கைமாற்றிவிடலாம். வணிகர் வழக்கப்படி அப்படிக் கைமாற்றலாம் என்பதை லிக்பேரோ எதிர் மேசன் என்ற வழக்கில் 1794இல் ஆங்கில ஜூரி ஒன்று உறுதிசெய்தது. ஆகவே இதைச் 'சரக்கு ரசீது' என்று மட்டும் தமிழில் எழுதுவது, வீட்டுப் பத்திரத்தைச் சாவி வாங்கிய சீட்டு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

வழக்கமாக மூன்று அசல் பிரதிகள் வெளியிடப்படும். அவற்றுள் ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாதவையாகிவிடும் என்று தாளின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். முற்காலத்து பி.எல். தாள்கள் 'கடவுளின் கிருபையால் நல்ல நிலையில் கப்பலில் ஏற்றப்பட்டது' என்று தொடங்கி, நல்ல கப்பலை அது விரும்பும் துறைமுகத்துக்குக் கடவுள் பத்திரமாக அனுப்புவாராக, ஆமென் என்று முடியும். இப்போது அந்த இடத்தைப் பொடி எழுத்து நிபந்தனைகள் பிடித்துக்கொண்டன. அவற்றை முழுவதும் படித்தவரை நான் பார்த்ததில்லை.

இந்த ஆவணத்தில் 'லேடிங்' என்ற சொல்லின் பொருள் வெறும் அலங்காரமன்று. பணம் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்பது வேறு, கப்பலின் மேல் ஏற்றிவிட்டோம் என்பது வேறு. பெட்டி முனையத்துக்குள் வந்ததும் 'ஏற்றுவதற்காகப் பெறப்பட்டது' என்று ஒரு தாள் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி இன்னும் தரையில்தான் நிற்கிறது. கப்பலில் ஏறிய பின் 'ஷிப்டு ஆன் போர்டு' என்ற முத்திரையும் அதன் கீழ் தேதியும் விழ வேண்டும். கடன் கடிதத்தின், அதாவது குறித்த ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியின், அடிப்படையில் பணம் தரும் வங்கி, அத்தகைய கடிதங்களுக்கென 2007 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள யூ.சி.பி. 600 என்னும் பன்னாட்டு விதிகளை வைத்துக்கொண்டு, அந்த முத்திரையையும் தேதியையும்தான் முதலில் தேடும். முத்திரை இல்லையென்றாலும், கடன் கடிதத்தில் குறித்த கடைசி நாளுக்கு ஒரு நாள் பிந்திய தேதி இருந்தாலும், ஆவணத்தில் குறை என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். கப்பல் ஒரு நாள் தாமதித்ததற்காக முந்தைய தேதியைப் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சிய ஏற்றுமதியாளர்களை எங்கள் அலுவலகமும் பார்த்திருக்கிறது. அப்படிப் போட்டுக்கொடுப்பது மோசடி என்பதால் அவர்களைத் தேநீர் கொடுத்து அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருந்ததில்லை.

சட்டப் புத்தகமும் இந்தச் சொல்லைக் கைவிடவில்லை. இங்கிலாந்தில் 1855இல் வந்த 'பில்ஸ் ஆஃப் லேடிங்' சட்டத்தைப் பின்பற்றி, இந்தியாவில் 1856இல் அதே பெயரில் மிகச் சிறிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1992இல் மாற்றிக்கொண்டது. நம் நாடாளுமன்றம் 1856ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டத்தை 2025இல்தான் நிறைவேற்றியது. மொழி நடையை எளிமையாக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அப்படியிருந்தும் 'பில்ஸ் ஆஃப் லேடிங்' என்ற பெயர் அப்படியே இருக்கிறது, 'லோடிங்' என்று ஆகவில்லை. எல்லாச் சட்டங்களும் இப்படியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம்முடைய 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் 'லோடிங்', 'அன்லோடிங்' என்றே எழுதுகிறது. அமெரிக்கச் சுங்கச் சட்டமோ 'லேடிங்', 'அன்லேடிங்' என்ற பழைய சொற்களை இன்னும் கையாளுகிறது. கப்பல்காரர்களின் பி.எல். தாளிலேயே தலைப்பு 'லேடிங்' என்றும், உள்ளே துறைமுகத்தைக் குறிக்கும் கட்டம் 'போர்ட் ஆஃப் லோடிங்' என்றும் இருக்கும். ஒரே தாளில் இரண்டும் இருப்பதால்தான் ஒன்று மற்றதன் பழைய வடிவம் என்ற எண்ணம் தோன்றுகிறது போலும்.

அந்த எண்ணம்தான் பாடத்தின் இரண்டாவது கூற்று. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லடன்' என்ற வினை இருந்தது. குவித்து வைத்தல், பாரம் ஏற்றுதல் என்பது அதன் பொருள். சொல்லின் முதலில் இருந்த 'ஹ்' ஒலி பின்னாளில் உதிர்ந்துபோய் 'லேடு' ஆயிற்று. ரொட்டியைக் குறிக்கும் 'லோஃப்', உரத்த என்னும் பொருள்தரும் 'லவுட்', சீமாட்டியைக் குறிக்கும் 'லேடி' ஆகிய சொற்களும் இதே ஒலியை இதே போல இழந்தவைதான். 'லோடு' என்பதன் பிறப்பு முற்றிலும் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'லாட்' என்ற பெயர்ச்சொல் வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்ற பொருள்களில் வழங்கியது. வழிநடத்துதல் என்னும் பொருளுடைய 'லீட்' அதற்கு நெருங்கிய உறவு. வழிகாட்டும் விண்மீனை 'லோட்ஸ்டார்' என்பதும், காந்தக்கல்லை 'லோட்ஸ்டோன்' என்பதும், கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வெட்டிய பழைய நீர்வழிகளை 'லோட்' என்பதும் அந்த வழி என்ற பொருளின் மிச்சங்கள். கொண்டுசெல்லுதலைக் குறித்த பெயர்ச்சொல், பக்கத்தில் ஏறக்குறைய அதே ஒலியோடு இருந்த 'லேடு' வினையின் தாக்கத்தால், கொண்டுசெல்லப்படும் பாரத்தைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு தானே ஒரு வினையாகவும் மாறி, 'லேடு' செய்துவந்த வேலையைப் பெரும்பாலும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரனான கதை இது. நம்மவர் 'லோடு', 'லோடுமேன்', 'லோடு ஏத்தியாச்சு' என்று தமிழாகவே ஆக்கிக்கொண்டதும் வந்தவனைத்தான்.

வீட்டுக்காரனின் வயதைக் காட்ட ஒரே ஒரு சான்று போதும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஏட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில், கடற்கரை மணலில் போர்க்கவசங்கள் ஏற்றப்பட்டு நிற்கும் ஒரு கப்பல் வருகிறது. ஏற்றப்பட்ட என்பதற்கு அங்கு வரும் சொல் 'ஹ்லடென்'. முன்னால் உள்ள 'ஹ்' ஒலியை நீக்கிவிட்டால், இன்று முனையத்து வாசலில் கேட்கும் 'லேடன்' அதுதான். ஜெர்மன் மொழி இதே வினையை 'லாடன்' என்று முழு உயிரோடு வைத்திருக்கிறது. அங்கே லாரியில் சரக்கு ஏற்றுவதும், துப்பாக்கியில் குண்டு நிரப்புவதும், செல்போனுக்குச் சார்ஜ் போடுவதும் அந்த ஒரே சொல்தான்.

பாடம் முற்றிலும் விட்டுவிட்ட இரண்டாவது பொருள் ஒன்று உண்டு. 'லேடு' என்பதற்கு நீரை முகந்து இறைத்தல் என்ற பொருளும் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே இருக்கிறது. குழம்பு ஊற்றும் அகப்பையை ஆங்கிலத்தில் 'லேடில்' என்கிறோமே, அது இந்த வினையிலிருந்து பிறந்த கருவிப் பெயர். ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் மூன்றாம் பகுதியில், முடியாசை கொண்ட ரிச்சர்டு தன் நிலையை ஒரு மனிதனோடு ஒப்பிடுகிறான். தான் போக விரும்பும் இடத்துக்கும் தனக்கும் நடுவே கிடக்கும் கடலைத் திட்டி, இதை வற்ற இறைத்துவிடுவேன் என்று சபதம் போடுகிற மனிதன் அவன். அங்கே இறைத்தலுக்கு வரும் வினை 'லேடு'. சரக்கு ஏற்றுவதற்கும் தண்ணீர் இறைப்பதற்கும் ஒரே சொல்லா என்று மாணவர்கள் வியக்கலாம். வண்டியில் பாரம் ஏற்றுகிறோம். கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரும் கருவிக்கு ஏற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக விளங்கும் எடுத்துக்காட்டு கிடையாது. ஆங்கிலேய மாணவனுக்குத்தான் அது கடினம்.

இதே குடும்பத்தில் இன்னொரு பழைய பெயர்ச்சொல் 'லாஸ்ட்'. கடைசி என்ற பொருளுடைய சொல் வேறு. இது பாரத்தைக் குறித்து, பிறகு எடைக்கும் கொள்ளளவுக்கும் அலகானது. நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்துபோன டச்சு கம்பெனிக் கப்பல்களின் கொள்ளளவை இந்த அலகில்தான் குறித்தார்கள். ஒரு லாஸ்ட் என்பது ஏறக்குறைய 2 டன். சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாமல் இருக்க அடியில் போடும் கல்லையோ நிரப்பும் நீரையோ 'பாலஸ்ட்' என்கிறோம். அதன் பின்பாதியும் இந்த லாஸ்ட்தான், வெறும் பாரம் என்பதே முழுச்சொல்லின் பொருள் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. எண்ணெய்க் கப்பல்காரர்கள் சரக்கோடு போவதை 'லேடன்' பயணம் என்றும், வெறுமனே திரும்புவதைப் 'பாலஸ்ட்' பயணம் என்றும் பிரித்துச் சொல்வார்கள். எதிரெதிராக நிற்கும் இவ்விரு சொற்களும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அந்த மாலுமிகளில் பலருக்குத் தெரிந்திருக்காது.

தேவாலயச் சுவர்களில் பலரும் படித்திருக்கக்கூடிய ஒரு வசனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்று தமிழில் தொடங்கும் மத்தேயு 11:28க்கு, 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பு 'ஹெவி லேடன்' என்ற தொடரைக் கையாளுகிறது. லூக்கா 11:46இல், சுமக்க அரிதான சுமைகளை மனிதர்மேல் சுமத்துகிற சட்ட வல்லுநர்களைக் கண்டிக்கும்போது அதே பதிப்பு 'லேடு' என்ற வினையையே நிகழ்காலத்தில் எடுத்தாளுகிறது. கிரேக்க மூலத்திலும் இரண்டு இடங்களிலும் ஒரே வினைதான். சுமத்துகிறவர் ஒரு வசனத்தில், சுமத்தப்பட்டவர் இன்னொரு வசனத்தில் என்ற இணைப்பு ஆங்கிலத்தில் 'லேடு', 'லேடன்' என்பதாலும், தமிழில் சுமத்துதல், சுமத்தல் என்பதாலும் புலப்படுகிறது. பிற்கால ஆங்கிலப் பதிப்புகள் சில, இரண்டு இடங்களுக்கும் வேறு வேறு சொற்களைப் போட்டு அந்த இணைப்பை அறுத்துவிட்டன. எளிமை கருதிச் செய்தார்கள். இழப்பும் உண்டு என்பது என் கருத்து.

இறுதியாக, பாடத்தின் கீழே கொடுத்திருந்த பயிற்சியைப் பற்றி. கோடிட்ட இடங்களில் 'லேடன்', 'லோடட்' ஆகிய இரண்டில் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று விடைக்குறிப்பு சொல்கிறது. பழம் காய்த்துத் தொங்கும் கிளைக்கு 'லேடன்' பொருந்தும். அதைத் தொடர்ந்து 'வித்' என்ற இடைச்சொல் வர வேண்டும். கடன் சுமையில் தத்தளிக்கும் நிறுவனத்துக்கும், மழைநீர் கோத்த மேகத்துக்கும் அது பொருந்தும். பாரம் நிறைந்து கனத்திருக்கும் நிலையை உணர்த்துவதே அதன் இயல்பு. குண்டு நிரப்பிய துப்பாக்கிக்கு 'லேடன்' என்று எழுதினால் பிழை. அங்கே 'லோடட்' மட்டுமே சரி. ஈயம் வைத்துத் தில்லுமுல்லு செய்த பகடைக்காயும், உள்நோக்கம் பொதிந்த கேள்வியும், கையில் நிறையப் பணம் வைத்திருப்பவரும் 'லோடட்'தான். கணினியில் மென்பொருள் ஏற்றுவதற்கு 'லேடு' உதவாது. அதே போல, வெற்று வண்டியின் எடையை 'அன்லோடட் வெயிட்' என்று விடைத்தாளில் எழுதினால் புரிந்துகொள்வார்கள், ஆனால் சட்டத்தில் உள்ள சொல் 'அன்லேடன் வெயிட்' என்பதே. ஆறாவது கேள்வியில் துப்பாக்கியைப் பற்றிய வாக்கியத்துக்கு இரண்டும் சரி என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்களோ தெரியவில்லை.

ஆகவே அடுத்த வார இணைப்பில் அந்த விடைக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறும், 'லேடு' என்ற வினையின் மூன்று வடிவங்களையும் அதன் இரண்டு பொருள்களையும் சேர்த்து ஒரு சிறு குறிப்பாவது தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் பொருள்களை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கலாம். துப்பாக்கி வாக்கியத்தின் திருத்தம் மட்டும் உடனே வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி.